நகையும் ஞானமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடத்தைத் திறந்து, நாற்காலிகளை வரிசைப்படுத்தி, வந்தோர் பதின்மராயினும் எழுபதின்மராயினும் கூட்டத்தை முறையாக நடத்திவரும் நண்பர்களின் உழைப்பை முதற்கண் பாராட்டுகிறேன். இவ்விழாவில் நகைச்சுவைக்கும் ஞானத்துக்கும் உள்ள உறவு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். 'நகைச்சுவையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவையை அழவைத்துவிடுவது வழக்கம்' என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை மனத்திற்கொண்டு, சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அறிவுடையார் முகம் இறுகியிருக்க வேண்டும் என்பது அவ்வெண்ணம். சிரிக்கச் சிரிக்கப் பேசுபவரை நாம் விரும்பி அழைக்கிறோம். ஆனால் அவரை ஆழ்ந்த புலமையாளர் என்று எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. விழா நிகழ்ச்சி நிரல்களைப் பாருங்கள். காலையில் ஆய்வரங்கம், மாலையில் கவியரங்கம், எல்லாரும் களைத்த பிறகு இரவில் நகைச்சுவை அரங்கம். விருந்து முடிந்தபின் கொடுக்கும் வெற்றிலை பாக்கைப் போல நகையை நாம் கடைசியில் வைத்திருக்கிறோம். நம் மொழியின் மூத்த இலக்கண ஆசிரியரோ அதனை முதலில் வைத்தார்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள் கூறப்படுகின்றன. அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் ஏழுக்கும் முன்னே நிற்பது நகை. வடமொழி நாட்டிய சாத்திரமும் எட்டுச் சுவைகளைக் கூறுகிறது. அங்கு முதலிடம் சிருங்காரத்துக்கு உரியது. ஹாஸ்யம் எனப்படும் நகைக்கு இரண்டாம் இடம். தொல்காப்பியர் நகையை முதலில் நிறுத்தியதற்குக் காரணங்கள் பல கூறப்படலாம். காரணம் யாதாயினும், நகையை அற்பமென்று கருதிய ஒருவர் அதனைத் தலைவாயிலில் நிறுத்தியிருக்கமாட்டார் என்பது உறுதி.

அவரே செய்யுளியலில் உரைநடையை நான்கு வகைப்படுத்துமிடத்தில் நகைமொழியையும் ஒரு வகையாகக் கொள்கிறார். அந்த நகைமொழி பொருளோடு கூடியதாக இருத்தல் வேண்டும் என்று ஒரு வரையறையும் இடுகிறார். பொருள் உள்ளிருந்து தாங்காத வெறுஞ்சிரிப்பை அவர் இலக்கியத்தின் எல்லைக்குள் கொண்டுவரவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, நகை எங்கிருந்து பிறக்கிறது? நான்கு நிலைக்களன்களை அவர் காட்டுகிறார். பிறரை இகழ்தலாகிய எள்ளல் ஒன்று. முதிர்ச்சியின்மையாகிய இளமை இரண்டாவது. அறிவின்மையாகிய பேதைமை மூன்றாவது. பிறர் சொன்னதை அப்படியே நம்பிப் பற்றிக்கொண்டிருக்கும் வெள்ளை மனமாகிய மடன் நான்காவது. இவற்றுள் எள்ளலை நீக்கிப் பார்த்தால் எஞ்சிய மூன்றும் ஏதோ ஒரு வகையில் அறிவு நிரம்பாத நிலைகளே. ஆகவே, அறிவு எங்கே குறைகிறதோ அங்கே நகை சென்று நிற்கிறது. அறியாமை இருக்கும் இடத்தை முதலில் மோப்பம் பிடிப்பது நகைதான். நகைக்கும் ஞானத்துக்கும் உள்ள உறவின் முதற்படி இதுவே.

ஆனால் யாருடைய அறியாமை? இவ்வினாவை எழுப்பியவர் உரையாசிரியராகிய பேராசிரியர். தொல்காப்பியர் கூறிய நான்கையும் அவர் இவ்விரண்டாகப் பகுத்து எட்டாக்குகிறார். தான் பிறரை எள்ளி நகுவதும் நகை. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுவதும் நகை. பிறருடைய பேதைமை கண்டு நகுவதும் உண்டு. தன் பேதைமையை எண்ணித் தான் நகுவதும் உண்டு. ஓர் உரையாசிரியரின் வகைப்பாட்டு ஆர்வம் என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. நகையின் கத்தி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் இன்று கூறப்போவதெல்லாம் அந்த உரைக்குறிப்பின் விரிவே என்று கொள்ளலாம்.

இதனை ஒரு கதையால் விளக்குகிறேன். இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகம் போந்து, தேம்பாவணி என்னும் காப்பியமும் சதுரகராதியும் தந்தவர் வீரமாமுனிவர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை இங்குள்ளோர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்பீர்கள். பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1822-இல் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் பதிப்பித்தார். குருவின் சீடர் ஐவர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன அவர்தம் திருநாமங்கள். பேதைமைக்கும் மடனுக்கும் இலக்கணம் கூறிய தொல்காப்பியர் இப்பெயர்களைக் கண்டிருந்தால் தமக்கு எடுத்துக்காட்டு கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பார்.

குருவும் சீடரும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து. அது உறங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையோடு ஒரு சீடன் போகிறான். கொள்ளியை நீரில் தோய்த்தவுடன் 'சுர்' என்று சீறிப் புகை எழுகிறது. ஆறு விழித்திருக்கிறது! பிறகு அணைந்துபோன அதே கட்டையைத் தோய்க்கும்போது ஓசையில்லை, ஆறு உறங்கிவிட்டது. அரவமின்றிக் கடந்து அக்கரை சேர்கின்றனர். சேர்ந்தபின் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறான் ஒருவன். ஐவர்தாம் இருக்கின்றனர். ஒவ்வொருவராக எண்ணுகின்றனர், ஒவ்வொருவரும் தம்மை விட்டு மற்றவரை எண்ணுவதால் ஐவரே தேறுகின்றனர். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று கதறி அழுது ஆற்றைச் சபிக்கின்றனர். அவ்வழியே வந்த ஒருவன் நிலைமையைப் புரிந்துகொள்கிறான். மாய வித்தையால் காணாமற்போனவரை வரவழைப்பதாகச் சொல்லிப் பணம் பேசிக்கொள்கிறான். தடியால் ஒவ்வொருவரையும் அடித்து, அடிபட்டவர் தம் பெயரைக் கூவக் கூவ எண்ணுகிறான். கணக்கு ஆறாகிறது. அனைவரும் அந்த வித்தைக்காரனைப் போற்றுகின்றனர்.

இக்கதையைக் கேட்டுச் சிரிக்காதார் இல்லை. இதே கணக்கு வேதாந்த நூல்களிலும் வருகிறது என்பதுதான் வியப்பு. பதின்மர் ஆற்றைக் கடக்கின்றனர். ஒவ்வொருவரும் தம்மை விட்டு எண்ணி ஒன்பதின்மரே என்று கண்டு, பத்தாமவனை இழந்துவிட்டோமென்று தலையில் அடித்துக்கொண்டு அழுகின்றனர். வழிப்போக்கர் ஒருவர், 'நீயே அந்தப் பத்தாமவன்' என்று உணர்த்துகிறார். 'தசமன்' எனப்படும் இவ்வுவமையைப் பதினான்காம் நூற்றாண்டினராகிய வித்யாரண்யர் பஞ்சதசி என்னும் நூலில் விரிவாக எடுத்தாள்கிறார். திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷியும் (1879–1950) உள்ளது நாற்பதில் இத்தசமனைச் சுட்டுகிறார். தேடுகின்றவனே தேடப்படும் பொருள் என்னும் கருத்தை விளக்க இதனினும் எளிய உவமை கிடைத்தல் அரிது.

ஒரே கணக்கு ஓரிடத்தில் நகைக்கும், மற்றோரிடத்தில் ஞானத்துக்கும் வழியாகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? இரண்டிலும் மறதி ஒன்றே, அழுகையும் ஒன்றே, வழிப்போக்கரும் உண்டு. ஒரு வழிப்போக்கர் ஒரு சொல்லால் உணர்த்திவிட்டுப் போகிறார். மற்றவர் தடியால் அடித்துக் கூலியும் பெற்றுக்கொள்கிறார். இருவகை வழிப்போக்கரும் இன்றும் நம் நாட்டில் நடமாடுகின்றனர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. உண்மையான வேறுபாடு கதையின் முடிவில் இருக்கிறது. தசமன், தான் விடுபட்டதை அறிகிறான். பரமார்த்தரின் சீடர்களோ அறியவேயில்லை. காணாமற்போனவன் வித்தையால் திரும்பி வந்தான் என்றே நம்புகின்றனர். கணக்குச் சரியாகிவிட்டது, அறிவு மட்டும் வரவில்லை.

இனி, இக்கதையைப் படித்துச் சிரிக்கின்ற நம்மைச் சற்றுப் பார்ப்போம். அவர்கள் ஆறு பேரின் எண்ணிக்கையில் தம்மை விட்டுவிட்டார்கள் என்று நாம் சிரிக்கிறோம். அப்படிச் சிரிக்கும் கணத்தில், பேதையரின் எண்ணிக்கையில் நாமும் நம்மை விட்டுவிட்டுத்தானே எண்ணுகிறோம்? 'உலகில் எத்தனை மூடர்கள்!' என்று சொல்லும் ஒவ்வொருவரும் அந்த ஆற்றங்கரையில் நின்று எண்ணுகின்ற சீடரே. தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறவனுடைய நகை ஞானத்தை அடுத்து நிற்கிறது. தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறவனுடைய நகை வெறும் எள்ளலோடு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்த கருத்து இவ்வளவே. வீரமாமுனிவர் தாமும் சமய குருவாக வாழ்ந்தவர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். குருவென்னும் பீடத்தை நகையாடுகின்ற கதையை ஒரு குருவே எழுதினார்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு திருக்குறளை அணுகினால் வள்ளுவர் காட்டும் நுட்பம் புலப்படும். பண்புடைமை என்னும் நூறாவது அதிகாரத்தில் நகையைப் பற்றி இரண்டு குறட்பாக்கள் உள்ளன. விளையாட்டாகக் கூட ஒருவரை இகழ்ந்துரைப்பது துன்பம் தரும் என்கிறது ஒன்று. பிறரோடு கலந்து மகிழ மாட்டாதவர்க்கு இப்பேருலகம் பகற்பொழுதிலும் இருளில் கிடக்கிறது என்கிறது மற்றொன்று. ஒரே அதிகாரத்தில் நகைக்குத் தடையும் இருக்கிறது. நகையில்லாதவர்க்கு இரங்கலும் இருக்கிறது. சிரிக்காதே என்று அவர் சொல்லவில்லை. சிரிப்பில் இகழ்ச்சி கலவாதிருக்கட்டும் என்கிறார். இடுக்கணழியாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே துன்பம் வரும்போது நகுமாறு அவர் கூறுவதும் நீவிர் அறிந்ததே. அங்கே நகுபவனும் துன்புறுபவனும் ஒருவனே என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வள்ளுவர் அங்கதம் பேசாதவரும் அல்லர். கயமை என்னும் அதிகாரத்தில் கயவரைத் தேவரோடு ஒப்பிடுகிறார். இருவருமே தம் விருப்பம்போல் ஒழுகுபவர் என்று காரணமும் காட்டுகிறார். புகழ்வது போலத் தொடங்கி முடிவில் தலையில் குட்டும் இந்நகை கூரியது. ஆனால் அதன் இலக்கு ஒருவரின் உடற்குறையோ, வறுமையோ, பிறப்போ அன்று. அவர் தேர்ந்துகொண்ட நடத்தையே. இன்பத்துப்பாலின் புலவி நுணுக்கத்திலோ நகை வேறு பக்கம் திரும்புகிறது. தலைவன் தும்முகிறான், தலைவி வாழ்த்துகிறாள், உடனே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த முறை தும்மலை அடக்குகிறான். நினைப்பவரை மறைக்கிறீரோ என்று மீண்டும் அழுகிறாள். என் செய்தாலும் குற்றமாகிவிடும் தன் நிலையைத் தலைவனே சொல்லிச் சிரிக்கிறான். அவன் தன்னை எண்ணிக்கொண்டவன். ஆதலால் அச்சிரிப்பில் கசப்பில்லை.

எள்ளல் நகை என்ன செய்யும் என்பதற்கு நம் இதிகாசமே சான்று. இந்திரப்பிரத்த மண்டபத்தில் தரையென்றும் நீரென்றும் மயங்கித் துரியோதனன் இடறினான். வியாச பாரதத்தில் வீமன் முதலியோர் நகைத்தனர். மக்கள் வழக்கில் அந்நகை பாஞ்சாலியின் நகையாயிற்று. யார் நகைத்திருப்பினும், விருந்தினனாக வந்த ஒருவன் இடறி விழுந்த வேளையில் எழுந்த நகை அது. சூதாட்டத்துக்கும் பின்னர் வந்த பேரழிவுக்கும் அது மட்டுமே காரணம் என்று கூறமாட்டேன். பொறாமை முன்பே கனன்று கொண்டிருந்தது. ஆனால் அந்நெருப்பில் விழுந்த நெய் அது.

கிரேக்க நாட்டிலும் இத்தகைய செய்தியுண்டு. அரிஸ்டோபனீசு என்னும் நகைச்சுவை நாடகாசிரியர் கி.மு. 423-இல் 'மேகங்கள்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். அதில் சாக்ரடீசு கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராயும் போலி அறிஞராகக் காட்டப்பட்டார். ஏதென்சு மக்கள் சிரித்தனர். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 399-இல், சாக்ரடீசு நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். தம்மீது மக்கள் கொண்ட பழைய தப்பெண்ணத்துக்கு ஒரு காரணமாக அந்நாடகத்தை அவர் குறிப்பிட்டதாகப் பிளேட்டோ எழுதுகிறார். மேடையில் எழுந்த சிரிப்பு ஓய்ந்துவிட்டது. அது விதைத்த எண்ணம் ஓயவில்லை. இத்தனைக்கும் சாக்ரடீசு நகையறியாதவர் அல்லர். எல்லாம் அறிந்தவர் என்று பெயர் பெற்றவரிடம் ஒன்றும் அறியாதவர்போல் வினவி, அவரது அறியாமையை அவர் வாயாலேயே வெளிப்படுத்துவது அவர் முறை. தாமும் அறியாதவரே என்று முதலில் தம்மை எண்ணிக்கொண்டு தொடங்கியதால் அவ்வினாக்கள் ஞானத்தின் வாயிலாயின.

மறுபுறம், நகையால் பேரழிவைத் தடுக்க முயன்ற ஒரு காட்சியும் நம் இலக்கியத்தில் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஒளவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஒளவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 95-ஆவதாக இருக்கிறது. அதன் கருத்து இது: இங்குள்ள படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பட்டுக் காவலுடைய மனையில் அழகாக இருக்கின்றன, எம் வேந்தனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன.

இந்த நகையைக் கூர்ந்து நோக்குங்கள். சொல்லளவில் தொண்டைமானுக்குப் புகழ், அதியமானுக்குப் பழி. பொருளளவில் நேர்மாறு. தூதராக வந்த பாணர்குலப் பெண் ஒருவர், படையும் அரசும் உடையவனை நோக்கிப் பேசுகிறார். வலியவன் எளியவரை எள்ளியதன்று; எளியவர் வலியவனுக்கு உண்மை சொன்னது. மேலும், அவர் அவனை அவமதிக்கவில்லை. புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு புன்னகைக்கவும், எச்சரிக்கை என்று உணர்ந்து போரைக் கைவிடவும் அவனுக்கு இடமளிக்கிறார். தம் தலைவனையும் சொல்லளவில் தாழ்த்திக்கொள்கிறார். நேரே அச்சுறுத்தியிருந்தால் தொண்டைமானின் மானம் போரை நாடியிருக்கும். அறிவு நேராகச் செல்ல முடியாத இடத்துக்கு நகை அதனைத் தோளில் சுமந்து சென்றது.

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுவே. அரசன் கொலுவீற்றிருக்கும்போதே அவன் பக்கத்தில் நின்று கேலி பேசும் உரிமை அவனுக்கு உண்டு. அரசனைக் கேலி செய்வதற்கு முன் தன்னையும் தன் பிழைப்பையும் கேலி செய்துகொள்வதால் அவனுக்கு அவ்வுரிமை கிடைக்கிறது. நொண்டி நாடகங்களில் திருடிக் காலிழந்த நாயகனே தன் கதையைத் தானே சொல்லி அவையைச் சிரிக்க வைக்கிறான்.

இம்மரபு அண்மைக் காலத்தும் அறுந்துவிடவில்லை. பாரதியார் தம் புதுச்சேரி வாழ்க்கையின்போது சின்னச் சங்கரன் கதையை எழுதினார். அது முற்றுப்பெறவில்லை. எட்டயபுரத்தை நினைவூட்டும் ஒரு ஜமீனின் போலி ஆடம்பரத்தையும், பொருளற்ற புலமை விளையாட்டையும் அதில் அவர் நையாண்டி செய்கிறார். அக்கதையின் நாயகனாகிய சிறுவயதுப் புலவன் வேறு யாருமல்லன்; இளமைப் பருவத்துப் பாரதியின் சாயலே. அரண்மனையைச் சிரித்தவர், அங்கே கவிபாடித் திரிந்த தம்மையும் சேர்த்தே சிரித்தார். அதனால்தான் அந்த நையாண்டி வன்மமாகத் திரியவில்லை.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) அவர்களின் கிந்தனார் காலட்சேபத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி திரைப்படத்தில் அது இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை மக்கள் நன்கறிவர். அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டார் கலைவாணர். சிதம்பரம் போக ஏங்கிய நந்தனுக்கு மாற்றாக, பட்டணம் சென்று படிக்க விரும்பும் கிந்தனைப் படைத்தார். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த கிந்தன் படித்து உயர்கிறான். பழகிய மெட்டும் பழகிய பாவனையும் கேட்டு அவை சிரிக்கிறது. சிரித்து முடிந்தபின், 'அந்த ஊரில் நாம் எந்தத் தெருவில் இருந்தோம்? அவனைத் தடுத்தவர்களுள் நாமும் ஒருவரா?' என்னும் வினா உள்ளே எழுகிறது. கேட்பவன் தன்னைத் தானே எண்ணிக்கொள்ளும்படி செய்த நகை அது.

அன்பர்களே, இவ்வளவையும் சொன்னபின் நம் காலத்தை நோக்காமல் இருக்க இயலாது. சிரிப்புக்கு இன்று பஞ்சமில்லை. தொலைக்காட்சியில் இருபத்துநான்கு மணி நேரமும் சிரிப்பு. கைப்பேசியில் நொடிக்கொரு துணுக்கு. ஆனால் அவற்றுள் பல எதனை நம்பிப் பிழைக்கின்றன? ஒருவரின் கறுத்த நிறம், பருத்த உடல், திக்குவாய், வழுக்கைத் தலை, மனைவியின் அறியாமை, சிற்றூராரின் பேச்சு வழக்கு ஆகியவற்றை நம்பியே பிழைக்கின்றன. இவற்றுள் எதிலும் சிரிப்பவன் தன்னை எண்ணிக்கொள்வதில்லை. சிரிக்கப்படுபவனோ அந்த அவையிலேயே, நமக்குப் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறான். எல்லாரும் சிரிப்பதால் அவனும் சிரிக்கிறான். அச்சிரிப்பை நகையென்று தொல்காப்பியர் ஒப்புக்கொண்டிருப்பாரா, இளிவரல் என்று கொண்டிருப்பாரா என்பது எண்ணத்தக்கது.

இலக்கிய அரங்குகளும் இதற்கு விலக்கல்ல. புதிதாக எழுதத் தொடங்கிய ஒருவர் தம் கவிதையைக் கை நடுங்கப் படிக்கிறார். திறனாய வந்தவர் கவிதையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதிலுள்ள ஒரு பிழையைப் பிடித்து ஒரு சிலேடை சொல்கிறார். கூடம் அதிர்கிறது. சொன்னவரின் புலமையைப் பலரும் மெச்சுகின்றனர். அடுத்த திங்கள் அந்தப் புதியவரின் நாற்காலி வெறுமையாக இருக்கிறது. இத்தகைய நிகழ்ச்சியை இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்வோர் எங்கேனும் ஓரிடத்தில் கண்டிருப்பர். அந்தச் சிலேடை எவ்வளவு நயமுடையதாயினும், வராமற்போன ஒருவர் பின்னர் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளுக்கு அது ஈடாகாது. பஞ்சதசி தசமனைப் பற்றிக் கூறும் ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. உண்மையை அறிந்தவுடன் அவன் அழுகை நின்றுவிட்டது. ஆனால் அழுதபோது தலையில் அடித்துக்கொண்டதால் உண்டான புண் ஆற ஒரு திங்கள் ஆயிற்று. 'விளையாட்டுக்குத்தானே சொன்னேன்' என்று நாம் பிறகு விளக்கலாம். விளக்கம் உடனே சென்றுவிடும். புண் தன் நாளை எடுத்துக்கொண்டுதான் ஆறும்.

அப்படியானால் ஒருவரையும் ஒன்றும் சொல்லாமல் வாய்மூடி இருப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிகாரத்தைப் பழித்துச் சிரிக்கும் உரிமையை எளியவர் கையிலிருந்து பிடுங்கிவிடக் கூடாது. வேறு படைக்கலம் இல்லாதவர்க்கு எஞ்சியிருக்கும் படைக்கலம் அதுவே. தம் பழமொழிகளிலும் கூத்திலும் பாட்டிலும் ஆண்டைகளைச் சிரித்தே மானத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள் நம் உழைக்கும் மக்கள். நான் அதனைக் குறை கூறவில்லை. அவர்கள் தம் நிலையைத் தெளிவாக எண்ணி அறிந்தவர்கள். தம்மை மறந்து சிரித்தவர்கள் அல்லர். பிழையைச் சுட்டவேண்டா என்றும் நான் கூறவில்லை. நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று, எல்லை மீறும்போது இடித்துரைப்பதற்கும் உரியது என்று வள்ளுவரே கூறியிருக்கிறார். எல்லாச் சிரிப்பும் ஞானத்தைச் சுமந்து வரவேண்டும் என்பதும் என் கருத்தன்று. குழந்தை காரணமின்றிச் சிரிக்கிறது. அது அவ்வாறே சிரிக்கட்டும். நான் வேண்டுவது ஒன்றுதான். பிறரது குறையைக் கண்டு சிரிக்க வாயெடுக்கும்போது, அதே குறை நம்மிடத்து எந்த உருவில் இருக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்குப் பிறகும் சிரிப்பு எஞ்சியிருக்குமானால் அது தாராளமாகச் சிரிக்கத்தக்கதே. அதில் நாமும் இருப்போம்; சிரிக்கப்படுபவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பார்.

ஞானமும் நகையை வேண்டி நிற்கிறது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். நகையற்ற அறிவுக்கு ஒரு நோய் உண்டு. தான் தவறக்கூடும் என்பதை அது மறந்துவிடும். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத அறிஞர் தம் கருத்தையே தாம் என்று கருதத் தொடங்குவார். கருத்தை மறுத்தால் தம்மையே தாக்கியதாகக் கொதிப்பார். நகையையும் உவகையையும் கொல்வது சினம் என்றார் வள்ளுவர். இந்த இலக்கிய வட்டத்தில் பத்தாண்டுகளாக எத்தனையோ கருத்து மோதல்கள் நிகழ்ந்திருக்கும். மரபுக்கும் புதுக்கவிதைக்கும், சமயத்துக்கும் பகுத்தறிவுக்கும் இடையே சொற்போர்கள் நடந்திருக்கும். அவற்றுக்குப் பின்னும் அனைவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்துகிறீர்கள் என்றால், இங்கே யாரோ சிலர் தம்மைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொள்ளக் கற்றிருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் பெயர்கள் ஆண்டறிக்கையில் இடம்பெற்றிரா. இவ்வமைப்பு பத்தாண்டுகள் நிலைத்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

வரும் ஆண்டுகளில் இவ்வட்டம் மேலும் வளரட்டும். புதியவர்கள் அச்சமின்றி வந்து படிக்கட்டும். மூத்தவர்கள் மனம் நோகாமல் திருத்தட்டும். கூடம் நிறையச் சிரிப்பும் ஒலிக்கட்டும். கூட்டம் முடிந்து தலை எண்ணும்போது எண்ணுகிறவர் தம்மையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளட்டும்.